கூரை அக்காவுக்கு வந்த ஃபோன்

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்கவில்லை. மாடிப்படிகளை வரைகிறவன் படிக்கட்டு. கதவும் ஜன்னலும் பார்க்கிறவள் ஜன்னல். குளியலறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், தனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த மறுவாரமே வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கூரை வேலை மொத்தமும் இவள் தலையில் விழுந்ததால் இவள் கூரை அக்கா. வயது நாற்பத்து நான்கு. தன்னைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்று கூப்பிடுவது ஆரம்பத்தில் அவளுக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு அதுவும் பழகிப்போனது.

வீடு வரைகிற சாஃப்ட்வேரில் கூரை ஒரு தனி வம்பு. சுவர்களை எழுப்பிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே ஒரு கூரையைக் கொண்டுவந்து கவிழ்த்துவிடும். பெட்டி மாதிரி வீடு என்றால் அதுவே போதும். வீடு ஒரு மூலையில் மடங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் மாடி எழும்பினாலோ கம்ப்யூட்டர் திருதிருவென்று முழிக்க ஆரம்பிக்கும். முகடு பாதியில் நின்றுபோகும். சரிவு சுவருக்குள் புகுந்துகொள்ளும். அப்போது தானாகக் கட்டுவதை நிறுத்திவிட்டு, கூரையைத் தனித்தனிச் சரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் மவுஸால் பிடித்து இழுத்து, பக்கத்துச் சரிவோடு சேர்த்து, சாய்வை டிகிரி டிகிரியாகத் திருத்த வேண்டும். மற்றவர்கள் இதில் கைவைக்கவே பயப்படுவார்கள்.

"அக்கா, கூரை என்கிட்ட கோச்சுக்கிச்சு. கொஞ்சம் வந்து சமாதானம் பண்ணுங்களேன்" என்று படிக்கட்டு குரல் கொடுப்பான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமல் காலால் தரையை உந்திக்கொண்டே அவன் மேஜைக்கு உருண்டு வருவாள். ஸ்கிரீனைப் பார்த்ததும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "தண்ணி எந்தப் பக்கம் போகுது?" அவனுக்கு அது தெரிந்திருக்காது. அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பதினேழு வருடத்தில் எழுநூறு கூரைகளுக்கு மேல் வரைந்திருப்பாள். அவற்றில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கட்டுமிடத்துக்குப் போவதெல்லாம் முதலாளியின் வேலை. போகக்கூடாது என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை. போய்ப் பார் என்றும் யாரும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று முதலாளி அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் பதினோரு பேர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மட்டும் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?" என்று முதலாளி கேட்டார்.

"வீட்டுல வெளிச்சம் பத்தாது சார்" என்றாள்.

வீட்டில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, காலையில் படுக்கைவரை வெயில் வரும். கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் அந்த வீட்டில்தான் குடித்தனம் நடத்தினாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமலே போய், கடைசியில் கணவர் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று போனார், அங்கேயே நிலைத்துவிட்டார். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வார். ஃபோனை எல்லாரும் கேட்கும்படி நடுவில் வைத்துவிட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே, "உடம்பு எப்படி இருக்கு? சாப்பாடெல்லாம் ஒழுங்கா சாப்பிடறியா? சரி, வச்சிடட்டுமா?" என்பார். மூன்று கேள்விக்கும் ஒரே "ம்" போதும். மூன்றாவது கேள்விக்குத்தான் அவர் பதிலுக்குக் காத்திருப்பார்.

ஆக, தினமும் ஒன்பது மணிக்கு அலுவலகத்தைத் திறந்து, பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, ஆறு மணிக்குப் பூட்டிக்கொண்டு போவாள். தேநீர் போட்டால் ஒரு கோப்பை. விளக்கு போட்டால் தன் தலைக்கு மேல் இருக்கும் ஒன்று மட்டும். எதிர் மேஜையில் ஜன்னல் விட்டுப்போன குடை மூன்று மாதமாக அங்கேயே சாய்ந்து நின்றது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் மேஜையில் இருந்த ஃபோன் அடித்தது. இந்தக் காலத்தில் எல்லாரும் கைபேசியில்தான் கூப்பிடுவார்கள், அந்தப் பழைய ஃபோன் அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. அவள் ஓடிப்போய் எடுப்பதற்குள் எட்டு முறை அடித்துவிட்டது.

"ஹலோ, படம் வரையற ஆபீஸா?" ஆண் குரல். பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. "மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு நான்தான் கூரை போடறேன். தச்சு வேலை. இந்தக் கூரையை வரைஞ்ச ஆளு இருக்காரா?"

"நான்தான் வரைஞ்சேன். சொல்லுங்க."

"ஓ, மேடமா? தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ரெண்டு சரிவும் சேர்ந்து வர பள்ளம் நேரா மாடிச் சுவத்துல போய் முட்டுது. பேஞ்ச மழையெல்லாம் அங்கதான் வந்து நிக்கும். அப்புறம் எங்க போகும்?"

அந்த வீடு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாடி அறையின் சுவர் கீழ்க்கூரையைக் கிழித்துக்கொண்டு எழும்புகிற வீடு. அந்த மூலையில் தண்ணீர் தேங்கக்கூடாது என்றுதான், சுவரை ஒட்டி முதுகு மாதிரி ஒரு குட்டிக் கூரையைக் கையாலேயே வரைந்து, தண்ணீரை இரண்டு பக்கமும் பிரித்து விட்டிருந்தாள். இரண்டு நாள் வேலை அது.

"அந்த மூலையில குட்டியா ஒரு கூரை இருக்குமே, படத்துல?"

"அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்."

ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஃபைலைத் திறந்து பார்த்தாள். இல்லை. வரைந்ததற்கு அடையாளமே இல்லாமல் போயிருந்தது. கைபேசியில் படிக்கட்டைக் கூப்பிட்டதும் கதை வெளியே வந்தது. சமையலறையை ஓர் அடி பெரிதாக்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அவன் தன் வீட்டிலிருந்தபடியே சுவரை ஓர் அடி வெளியே நகர்த்தியிருக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் கூரை தானாகக் கட்டிக்கொள்கிற வசதி நிறுத்தப்படாமல் இருந்திருக்கிறது. சுவர் நகர்ந்ததும் அது அவள் கையால் வரைந்ததையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, சமர்த்தாகப் புதிதாக ஒரு கூரையைக் கட்டிவிட்டது. படமும் அப்படியே தச்சர் கைக்குப் போய்விட்டது.

"அக்கா, நான் கூரையைத் தொடவே இல்லக்கா. சத்தியமா சுவர மட்டும்தான் தொட்டேன்."

"தெரியுதுப்பா."

"முதலாளிகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நான் பாத்துக்கறேன். வை."

முன்பு என்றால் அவன் பக்கத்து மேஜையில் இருந்திருப்பான். அவன் ஸ்கிரீனில் கூரை குதித்ததும் அவளை ஒரு குரல் கூப்பிட்டிருப்பான். அதை நினைத்துக்கொண்டே தச்சருக்குப் பதில் சொல்ல ஃபோனை எடுத்தாள். அவர் லைனிலேயே இருந்தார். இருபது நிமிடமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பதில் வரலயே, எப்படி வைக்கறது?" என்றார் தச்சர்.

சிக்கல் என்னவென்றால், முகட்டு மரம் ஏற்கெனவே ஏறிவிட்டது. சரிவைத் தாங்குகிற கைமரங்களில் பாதியை அறுத்தும் முடித்துவிட்டார். வழக்கமாகப் படத்துக்குத் தகுந்தபடிதான் மரத்தை அறுப்பார்கள். இப்போது அறுத்த மரத்துக்குத் தகுந்தபடி படத்தை மாற்ற வேண்டும். அவள் முதலாளியிடம் விஷயத்தை மட்டும் சொன்னாள், ஆளைச் சொல்லவில்லை. "நீங்களே அவரோட பேசி சரிபண்ணிடுங்கம்மா" என்றார் அவர்.

மறுநாளிலிருந்து தச்சர் காலை பதினோரு மணிக்கு ஃபோன் செய்வார். அது அவர் தேநீர் குடிக்கிற நேரம். முதல் நாள் முகட்டின் உயரத்தை அளந்து சொன்னார். இவள் அதைக் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்துப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் அகலமாகிவிட்டதால் அந்தச் சரிவு மட்டும் கூரையின் மற்ற பாகத்தோடு ஒட்டவில்லை. முப்பது டிகிரியை இருபத்தெட்டாக்கினாள். ஓரம் வந்து முகட்டில் பொருந்தியது. இரண்டாம் நாள் அந்த டிகிரியை அவர் மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரியா ஒக்காருது மேடம்" என்றார். அந்த வார்த்தையை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. கம்ப்யூட்டரில் எல்லாம் எப்போதுமே சரியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவள் தன் கம்ப்யூட்டரை வாசல் மேஜைக்கே மாற்றிக்கொண்டாள். ஃபோன் கம்பி அவள் மேஜைவரை எட்டவில்லை, அதுதான் காரணம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மேடம் என்பது நான்காம் நாள் அம்மா ஆயிற்று. சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ஆறாம் நாள் தன்னை அறியாமல் அண்ணா என்றாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு அண்ணா?"

"காலையில சாப்பிட்டதைத்தான் கேட்டேன்."

அவள் காலையில் ஒன்றும் சாப்பிடுகிற வழக்கமில்லை. மறுநாள் இந்தக் கேள்விக்காகவே வரும் வழியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஒரு முறை அவர் கேட்டார், "உங்க ஆபீஸ்ல சத்தமே இல்லையே. ஆளுங்க எல்லாம் எங்க?"

"எல்லாரும் வீட்டுல இருந்து வேலை பாக்கறாங்க. நான் மட்டும்தான்."

"எனக்கு மேல ஏறிட்டா அப்படித்தாம்மா இருக்கும். கீழ எல்லாரும் கத்திக்கிட்டிருப்பாங்க. மேல நான் மட்டும்தான்" என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உடனே அடுத்த அளவுக்குப் போய்விட்டார்கள்.

குட்டிக் கூரை விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சுவர் ஓரத்தில் அது ஒன்பது அங்குலம் எழும்பினால் போதும் என்பது அவள் கணக்கு. தச்சர் ஓர் அடியாவது வேண்டும் என்றார்.

"காஞ்ச இலை வந்து அடைச்சுக்கும்மா. சரிவு போதாது."

"ஓர் அடி வச்சா மாடி ஜன்னலுக்கு ரொம்பக் கிட்ட வந்துடும் அண்ணா. ஒன்பதே வையுங்க. நான் கணக்கு போட்டுதான் சொல்றேன்."

"சரிம்மா."

மறுநாள் அவளாகவே கேட்டாள், "ஒன்பது அங்குலம் வச்சிட்டீங்களா?"

"வச்சாச்சும்மா. நீங்க சொன்ன மாதிரியேதான்."

பன்னிரண்டாம் நாள் அவர் குரலில் ஒரு குதூகலம் இருந்தது. ஓடு பரப்பி முடித்துவிட்டு, ஒரு குழாயை மேலே இழுத்துக்கொண்டு போய் அந்த மூலையில் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்தாராம். "உள்ள ஒரு சொட்டு இறங்கலம்மா. ரெண்டா பிரிஞ்சு அழகா ஓடுது. நீங்க பாத்திருக்கணும்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணா."

"சரிம்மா. அப்ப நான் வேலைக்குக் கிளம்பறேன். வேற எடத்துல ஒரு வேலை காத்துக்கிட்டிருக்கு."

"சரி அண்ணா."

அவ்வளவுதான். ஃபோனை வைத்த பிறகுதான் அவருடைய எண்ணை வாங்கவில்லை என்பது உறைத்தது. அந்தப் பழைய ஃபோனில் யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் தெரியாது. எண்ணை வாங்கி என்ன செய்யப்போகிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சில நாட்களுக்குப் பதினோரு மணியானால் தேநீர் போட்டுக்கொண்டு வாசல் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை அடித்தது. தண்ணீர் வடிகட்டி விற்கிற பெண். அவள் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கே சந்தேகம் வந்து, "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் முதலாளி நேரில் வந்தார். சும்மா கிடக்கிற இடத்துக்கு வாடகை கொடுப்பானேன் என்று அலுவலகத்தைக் காலி செய்யப்போவதாகச் சொன்னார். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அதனால் அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "வெளிச்சம் பத்தாதுன்னீங்களே, நல்ல விளக்கு ஒண்ணு வாங்கி அனுப்பறேன்" என்றார். அதைக் கேட்டபோதுதான் கண்ணில் நீர் முட்டியது. இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. இரண்டு பஸ் மாறி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஸ்கிரீனில் அவள் அதை எத்தனையோ முறை சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள், மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். கீழே தெருவில் நின்று பார்க்கிற கோணம் புதிது. இருபத்தெட்டு டிகிரிச் சரிவு வெயிலில் கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கை நடந்துபோயிற்று. இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

கதவைத் தட்டினாள். கடைக்காரரின் மனைவி பாதி பிரித்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வந்தார்.

"படம் வரைஞ்ச ஆபீஸ்லேர்ந்து வரேன். கூரை எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு."

"வாங்க வாங்க. போன வாரம் அடிச்ச மழைக்கு ஒண்ணும் ஆகல. அதுல என்ன கஷ்டம் இருக்கப்போகுது? கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அமுக்கினா கூரை வந்துடுமாமே, எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"ஆமாங்க" என்றாள் கூரை அக்கா. "ஒரே பட்டன்தான்."

நடையில் ஏணி சாத்தியிருந்தது. கூரைக்கு அடியில் இருந்த மச்சுக்கு ஏறினாள். பாதி ஏணியில் இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எழுநூறு கூரை வரைந்தவளுக்கு உயரம் என்றால் பயம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சில் புது மர வாசனை. கைபேசி வெளிச்சத்தில் கைமரங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்கள். எல்லாம் அவள் ஃபோனில் சொன்ன எண்கள். பெரிய பெரிய எழுத்தில், கொஞ்சம் கோணலாக. அவருடைய கையெழுத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

குனிந்து தவழ்ந்து அந்த மூலைக்குப் போனாள். குட்டிக் கூரையைத் தாங்குகிற கட்டையில் '9' என்று எழுதி, பக்கத்தில் 'அம்மா' என்று இருந்தது. அந்த ஒன்பதின்மேல் ஒரு கோடு அடித்து, கீழே '12' என்று எழுதியிருந்தார். பையில் கொண்டுவந்திருந்த அளவு டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். பன்னிரண்டேதான். சுளையாக ஓர் அடி.

'நீங்க சொன்ன மாதிரியேதான்' என்று எவ்வளவு பவ்யமாகச் சொன்னார்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சில் தனியாக உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள்.

"என்னங்க ஆச்சு? ஏதாவது ஒழுகுதா?" கீழேயிருந்து குரல் வந்தது.

"இல்லைங்க. நல்லா பண்ணியிருக்காரு."

இறங்கிப்போய் மாடி அறை ஜன்னலையும் திறந்து பார்த்தாள். குட்டிக் கூரை ஜன்னலுக்குக் கீழே தாராளமாக அடங்கியிருந்தது. அவள் கணக்குத்தான் பிசகு. கிளம்பும்போது தச்சரின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அலுவலகத்தில் கடைசி நாள் காலை, சரியாகப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"நான்தான் அண்ணா. கூரை வரையறவ."

"எந்த வீடும்மா?" ரம்பச் சத்தத்தில் அவர் கத்தினார்.

"கண்ணாடிக் கடைக்காரர் வீடு."

"ஓ, நீங்களா! நல்லா இருக்கீங்களா? ஏதாவது ஒழுகுதா என்ன?"

"இல்ல அண்ணா. போய்ப் பாத்தேன். பன்னெண்டு அங்குலம் வச்சிருக்கீங்க."

ரம்பம் நின்றது. "பாத்துட்டீங்களா" என்றார். "கோவமா?"

"இல்ல. நீங்க சொன்னதுதான் சரி."

"அதெல்லாம் இல்லம்மா. ஒத்தையில உக்காந்து இவ்வளவு கணக்கு போட்டுக் குடுக்கறீங்க. உங்களோட எதுக்கு மல்லுக்கட்டணும்னு விட்டேன்." யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "மேல ஆளு நிக்குதும்மா. ஒரு நாள் நேர்ல பாப்போம், என்ன?"

"பாப்போம் அண்ணா."

பார்க்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அவருக்கு வேறு வீடு, வேறு அளவுகள், ஃபோனில் வேறு குரல்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் ஃபோனை வைத்த பிறகு ரொம்ப நேரம் எழுந்திருக்கத் தோன்றவில்லை. பிறகு அந்த வீட்டின் ஃபைலைத் திறந்து, ஒன்பதைப் பன்னிரண்டாக்கிச் சேமித்தாள். யாரும் இனி அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் வீடு எப்படி இருக்கிறதோ படமும் அப்படி இருக்கட்டும் என்று பட்டது.

சாவியைக் கொடுக்கும்போது முதலாளியிடம் கேட்டாள், "சார், வாரத்துல ஒரு நாள் நான் கட்டற எடத்துக்குப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"போங்களேன்" என்றார் அவர் ஆச்சரியமாக. "யாரு வேண்டாம்னாங்க?"

இப்போது வியாழக்கிழமைகளில் போகிறாள். பாதி ஏணியில் இன்னும் நின்றுவிடத்தான் செய்கிறாள், ஆனால் ஏறிவிடுகிறாள். சில இடங்களில் நாற்காலி போட்டுப் பேசுவார்கள், சில இடங்களில் யார் இது என்பதுபோல் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். மற்ற நான்கு நாளும் மூன்றாவது மாடியில், வெயில் வருகிற அறையில், கூரைகளோடு கழிகிறது. அந்த நாட்களில் வாய் திறந்து பேச வேலையே இருக்காது. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரவென்று, யாருடையதோ போல வரும். கண்டக்டர் "எங்க?" என்று திரும்பக் கேட்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது தடவை சொல்வாள். அப்போது தெளிவாக வந்துவிடும்.